நாற்றம் யார் வைத்த பெயர்?

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர்கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி. சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. அந்தப் பக்கம் 'பறை' என்றால் 'சொல்'. "எந்தா பறஞ்ஞே?" என்று கேட்டால் "என்ன சொன்னாய்?" என்று பொருள். காதலியும் பறைவாள், வாத்தியாரும் பறைவார், நீதிபதியும் பறைவார். யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. இந்தப் பக்கம் இறங்கி வந்தால் அதே வேரிலிருந்து கிளைத்த சொல் ஒரு கருவியின் பெயர், ஒரு சாதியின் பெயர், டீக்கடைச் சண்டையில் வாயிலிருந்து வரும் முதல் வசவு.

இதைச் சொல்வதால் கேரளத்தில் சாதி இல்லை என்று ஆகிவிடாது. அங்கும் அந்தச் சாதிப்பெயர் உண்டு, அதைச் சுமந்தவர்கள் தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்ததும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சொல்லுக்குள் இழிவு இல்லை. இருந்திருந்தால் அது மலையைத் தாண்டும்போதும் கூடவே போயிருக்கும். இழிவு வெளியிலிருந்து சொல்லின்மேல் ஏற்றப்படுகிறது. ஏற்றியது யார், சுமப்பது யார், இறக்கி வைக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி.

உலகின் இன்னொரு மூலையில் ஒரு சொல் இந்தச் சுமையோடு நடந்த பாதையைப் பார்த்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பலாம்.

'ஃபங்க்' என்ற சொல்லை இன்று நாம் இசை வகையாக அறிவோம். உடையை, தலைமுடியை, நடையைக்கூட 'ஃபங்கி' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் புகையிலைப் புகையின் நெடியைக் குறித்தது. பிறகு எந்தக் கெட்ட வாடைக்கும் ஆனது. 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் கொச்சையில் அதே ஒலிகொண்ட சொல் பயத்தைக் குறித்தது. இன்றும் மனச்சோர்வில் சுருண்டு கிடப்பவரைப் பற்றிச் சொல்ல ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருக்கிறது. நாற்றம், பயம், சோர்வு. இவ்வளவும் ஒரே சொல்லுக்குள்.

அமெரிக்காவில் அது கறுப்பின மக்களின் உடலோடு ஒட்டவைக்கப்பட்டது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியா பற்றிய தன் நூலில் கறுப்பர்களின் உடலில் கடுமையான, விரும்பத்தகாத வாடை இருப்பதாகவும் எழுதினார். அவருடைய பண்ணையில் அடிமைகள் வேலை செய்தார்கள். அவர்களின் வியர்வையில் விளைந்தது அவருக்கு நாறவில்லை. வியர்வை மட்டும் நாறியது.

அந்தச் சொல்லைக் கறுப்பின இசைக் கலைஞர்கள் தங்கள் கையில் எடுத்தார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் பட்டி போல்டன் வாசித்த கூடத்தின் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. நெருக்கமாக ஆடும் உடல்களின் வியர்வை மணக்கும் இடம் என்று பொருள். கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் 1983இல் வெளிவந்த தன் நூலில் இந்தச் சொல்லை ஆப்பிரிக்காவின் கிகோங்கோ மொழியோடு தொடர்புபடுத்தினார். அங்கே 'லு-ஃபுகி' என்றால் உடல் வாடை. உழைத்துத் தன் காரியத்தை முடித்த மனிதரை அந்த வாடையைச் சொல்லியே பாராட்டுவார்கள் என்கிறார். நாற்றம் என்று ஆண்டைகள் சொன்னது, உழைத்தவர்களின் சொந்தப் பேச்சில் மரியாதையாக இருந்திருக்கிறது.

1960களில் ஜேம்ஸ் பிரவுன் வந்தார். தெற்கு கரோலினாவில் பிறந்து, பருத்தி எடுத்து, ஷூ பாலிஷ் போட்டு வளர்ந்தவர். 1967இல் அவர் வெளியிட்ட பாடலின் பெயரே 'குளிர்ந்த வியர்வை'. அடுத்த ஆண்டு, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில மாதங்களில், கறுப்பராக இருப்பதைப் பெருமையோடு உரக்கச் சொல்லும் பாடலை வெளியிட்டார். மெட்டைவிடத் தாளம் முன்னே வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி அழுத்தமாக விழுந்தது. அந்த இசைக்குப் பெயர் ஃபங்க். வெள்ளையர் சமூகம் மனம் மாறி அந்தச் சொல்லைக் கழுவிக் கொடுக்கவில்லை. குடியுரிமைப் போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, சொல்லைச் சுமந்தவர்களே அதன் பொருளை மாற்றினார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் மொழியில் 'நாற்றம்' எதிர்த்திசையில் நடந்தது. திருக்குறளின் 27ஆம் குறளில் சுவை, ஒளி, ஊறு, ஓசை ஆகியவற்றோடு ஐந்தாவது புலனாக நாற்றம் நிற்கிறது. அங்கே அதற்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மூக்கு அறிவது எதுவோ அது நாற்றம். ஆண்டாள் வெண்சங்கிடம் கண்ணனின் வாய்மணத்தைக் கேட்கும்போது பயன்படுத்தும் வினையும் 'நாறு'தான். இன்று அந்த வினையை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் கைகலப்பு நடக்கும்.

ஒரு சொல்லின் பொருள் காலத்தில் மாறுவது இயல்பு என்று மொழியியலாளர் சொல்வார். உண்மைதான். ஆனால் சாதிச் சமூகத்தில் மூக்கு அப்பாவி உறுப்பு அல்ல. கவுச்சி, வீச்சம், முடை என்று நாம் வைத்திருக்கும் சொற்கள் எந்தத் தட்டின்மேல், எந்தத் தெருவின்மேல், எந்தத் தொழிலின்மேல் போய் விழுகின்றன என்று பாருங்கள். 'சுத்தம்' என்ற சொல் எங்கே போய் உட்கார்கிறது என்றும் பாருங்கள். சாக்கடைக்குள் இறங்காதவர் சுத்தம். 'சுத்த சைவம்' என்று பலகை மாட்டிய உணவகம் சுத்தம். வாடகை வீடு தேடிப் போகும் நம் தோழர்களிடம் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்கப்படும் கேள்வி சமையலைப் பற்றியது மட்டும் அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

தேனி மாவட்டத்தில் இதை இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். கம்பம், போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்படுகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மலைப்பாதைகளில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. ஏறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் கணிசமானோர் தலித் பெண்கள். களை எடுக்கிறார்கள், காய் எடுக்கிறார்கள், மருந்தடித்த செடிகளுக்கு நடுவே நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறார்கள். அந்த ஏலக்காய் போடிநாயக்கனூரின் ஏல மையத்துக்கு வரும்போது அதற்குப் பெயர் நறுமணப் பொருள். அதைக் கவனித்துக்கொள்ள மத்திய அரசின் வாரியமே இருக்கிறது. நல்ல விலைக்குப் போய்க் கோயில் பிரசாதத்தில், கல்யாணப் பாயசத்தில் மணக்கிறது. காயை எடுத்த கை சாயங்காலம் ஊர் திரும்பும்போது அதில் இருப்பது வியர்வையும் பூச்சிமருந்து வாடையும். காய் ஊருக்குள் போகிறது. கை சேரியோடு நின்றுவிடுகிறது.

ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்குதான் இது. விளைச்சல் மணக்கும், விளைவித்தவர் நாறுவார்.

இதே கணக்கை ஒரு தோல்கருவியின் கதையிலும் படிக்கலாம். பறை, தப்பு, கொட்டு என்று நம் பகுதியில் பல பெயரில் வழங்குவது அது. மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சிச் சுருதி சேர்த்து, ஒரு கையில் சிண்டுக்குச்சியும் மறு கையில் அடிக்குச்சியுமாக எழுப்பப்படும் இசை. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சிறப்பித்துச் சொல்கிறது. செய்தி அறிவித்தவர், ஊரைக் கூட்டியவர் அந்தக் கலைஞர். 'பறைசாற்று' என்ற தொடரை இன்றும் தலையங்கங்களில் தயங்காமல் எழுதுகிறோம். அந்த வினையைச் செய்தவரை மட்டும் ஊருக்கு வெளியே வைத்தோம்.

மொழியும் இதற்கு உடந்தையாக இருந்தது. நாதஸ்வரத்தை 'வாசிக்கிறார்கள்'. வீணையை 'மீட்டுகிறார்கள்'. பறையை மட்டும் 'அடிக்கிறார்கள்'. அந்தக் கருவியின் இன்னொரு பெயரான 'தப்பு'க்கு அகராதியில் பக்கத்திலேயே 'குற்றம்' என்ற பொருளும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வேர்களிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் தப்பு அடிக்கும் குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டு பொருளையும் ஒன்றாக்கிச் செய்யப்படும் கிண்டலைக் கேட்டுத்தான் வளர்கிறது. ஆங்கிலேயரும் தங்கள் பங்குக்கு இந்தச் சாதிப்பெயரைக் கடன் வாங்கித் தெருநாய்க்கு வைத்தார்கள். இன்றும் உலகப் பத்திரிகைகள் ஒதுக்கிவைக்கப்பட்ட நாடுகளைக் குறிக்க அந்தச் சொல்லைத்தான் எழுதுகின்றன. நம் பாட்டன்மாரின் பெயர் சர்வதேச வசவாகப் புழங்குகிறது என்பதே அந்தப் பத்திரிகை ஆசிரியர்களில் பலருக்குத் தெரியாது.

வசவாக்கப்பட்ட பெயரை என்ன செய்வது? நம் முன்னோடிகள் 130 ஆண்டுகளுக்கு முன்பே இதை விவாதித்தார்கள். ஒரே முடிவுக்கு வரவில்லை. அந்த வேறுபாட்டில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்க மறுத்தார். அது பூர்வ பௌத்தர்களின்மேல் பகைவர்கள் சுமத்திய பெயர் என்றார். சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று வேறு வரலாற்றை, வேறு பெயரை முன்வைத்தார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. சாதியைத் துறந்தவனே தமிழன் என்ற உரிமைக்கோரல் அந்தப் பெயரில் இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிராகச் செய்தார். 1893இல் அவர் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொன்னால் நாம் குறுகிப்போவோம் என்று எதிர்பார்க்கிறார்களோ, அந்தப் பெயரை முகப்பில் அச்சடித்துக் கடைக்கு அனுப்பினார். அமெரிக்காவில் ஃபங்க் என்ற சொல் இசைத்தட்டின் அட்டையில் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சென்னையில் நடந்த காரியம் இது. பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தவரும் இவர்தான்.

மூன்றாவது வழி அரசு வழி. எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து 1922இல் அரசுப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆதிதிராவிடர் என்ற பெயரோடு 'காலனி' சேர்ந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கிராமத்திலும் "காலனிப் பையன்" என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். மதுரையில் ரயில்வே காலனி என்றால் அரசு ஊழியர் குடியிருப்பு. கிராமத்தில் காலனி என்றால் சேரி. எழுத்து ஒன்று, மூக்கு வேறு. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிப்போன 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார்.

அறிவிப்பை வரவேற்போம். ஆனால் 1922இன் அனுபவத்தை மறக்க வேண்டாம். பெயர்ப்பலகையை மாற்றலாம். மயானத்துக்குப் போகும் பாதை மாறாவிட்டால், நிலம் கைக்கு வராவிட்டால், புதுப்பெயரும் பத்தே ஆண்டுகளில் பழைய பெயரின் நாற்றத்தை ஏற்றுக்கொள்ளும்.

'சேரி' என்ற சொல்லே இதற்குச் சான்று. சேர்ந்து வாழும் இடம் சேரி. வேளச்சேரி, புதுச்சேரி என்று நகரங்களின் பெயரில் அது நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வந்துவிடுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சேரிகளுக்குள் தரம் பிரித்தாகிவிட்டது. 2023 நவம்பரில் நடிகையும் பாஜக நிர்வாகியுமான குஷ்பு சமூக வலைதளத்தில் 'சேரி மொழி' என்று இழிவாக எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும், பிரெஞ்சு மொழியில் அந்த ஒலிக்கு அன்புக்குரியது என்று பொருள் இருப்பதாக விளக்கம் சொன்னார். சேரியில் வாழும் மக்களுக்கு அந்த விளக்கம் எரிச்சலைத்தான் தந்தது.

அகராதியைக் காட்டித் தப்பிக்கும் இந்த வழியை உச்சநீதிமன்றம் ஏற்கெனவே அடைத்திருக்கிறது. 2008இல் சுவரண் சிங் வழக்கில், ஒரு சாதிப்பெயரின் வேர்ப்பொருள் என்ன என்பது கேள்வி அல்ல, இன்று மக்கள் வழக்கில் அது இழிவுபடுத்தப் பயன்படுகிறதா என்பதே கேள்வி என்று சொன்னது. 2011இல் நம் மாநிலத்திலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் பள்ளர், பறையர் சாதிப்பெயர்களை வசவாகப் பயன்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்றது. அந்த வழக்கில் வசவு சாதிப்பெயரோடு நிற்கவில்லை. மாட்டிறைச்சி தின்பதையும் சேர்த்து இழுத்தது. தட்டும் பெயரும் நாற்றமும் எப்படி ஒன்றாகவே வரும் என்பதற்கு நீதிமன்றப் பதிவே சாட்சி. இரட்டைக் குவளை முறையையும் அதே தீர்ப்பு கண்டித்தது.

இனி இளைய தோழர்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

இன்று பறை கல்லூரி விழாக்களில் ஒலிக்கிறது. ஐடி நிறுவன ஊழியர்கள் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் வேட்டி கட்டி ஆடுகிறார்கள். 2025இல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு 1990களிலிருந்தே தலித் பெண்களின் கையில் இந்தக் கருவியைக் கொடுத்து மேடையேற்றி வருகிறது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018இல் கானாவையும் ராப்பையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. இவை யாவும் நம் இயக்கம் வென்றெடுத்தவை. யாரும் கொடுத்த பரிசு அல்ல.

ஆனால் இந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு புது அதட்டல் கிளம்பியிருக்கிறது. "பறை தமிழரின் ஆதி இசை, அதை அடிக்க ஏன் வெட்கப்படுகிறாய்?" என்பது அந்த அதட்டல். கேட்பவர் பெரும்பாலும் அதை எந்தச் சாவு வீட்டிலும் அடிக்க வேண்டியிராதவர். கேட்கப்படுபவர், தன் அப்பா சாராய வாடையில் தெருவோரம் நின்று விடிய விடியக் கொட்டடித்ததையும், ஊர்ப் பெரியவர் எறிந்த காசைக் குனிந்து பொறுக்கியதையும் பார்த்து வளர்ந்தவர். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ சேரிகள் "இனி சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்" என்று முடிவெடுத்து, அதற்காக அடியும் ஊர் விலக்கமும் வாங்கியிருக்கின்றன. அவர்கள் கலையை மறுக்கவில்லை. அடிமைத்தொழிலை மறுத்தார்கள். சாவுப் பறையை மறுத்த தாத்தாவும், மேடையில் பறையை ஏந்தும் பேத்தியும் ஒரே போராட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

அயோத்திதாசரா, இரட்டைமலை சீனிவாசனா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இருவரும் சொன்னதில் பொதுவானது ஒன்று உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா, தூக்கியெறிவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அதைச் சுமந்தவர்களுக்கே. பெருமைப்படச் சொல்லி வற்புறுத்துவதும் ஒரு வகையில் பழைய ஏவல்தான். அன்று "அடி" என்றார்கள், இன்று "பெருமையோடு அடி" என்கிறார்கள்.

இந்த மாவட்டம் பெற்ற பெரிய கலைஞரின் விஷயத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஏறித் தொடங்கியவர். பாவலரின் குரல் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர்களுக்கு நடுவே ஒலித்த குரல். நம் ஜீப்புகள் இன்றும் ஏறும் அதே மலைகள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது கிராமத்துத் தாளம் திரையரங்குக்குள் தலைநிமிர்ந்து நுழைந்தது. அவர் தன்னைச் சாதி அடையாளத்தோடு வைத்துப் பேசுவதை விரும்பியதில்லை. அது அவர் உரிமை. 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிடும் நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையை நாம் கடுமையாக மறுக்கிறோம். ஆனால் அந்த மறுப்புக்கு நடுவே அவர் பிறப்பை இழுத்துக் கேலி பேசியவர்கள் முற்போக்கு முகாமிலும் இருந்தார்கள். கோபம் வந்ததும் கைக்கு எட்டும் முதல் கல் இன்னும் சாதிதான் என்றால், நம் மொழியிலிருந்து எதை நீக்கியிருக்கிறோம்?

அடுத்தது காசும் பெயரும். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு. 1970இல் வெளிவந்த ஒரு பாடலில் அவர் வாசித்த சில நொடித் தாளம், பின்னர் ஹிப்ஹாப் உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அதற்கான உரிமத்தொகை அவருக்குச் சேரவில்லை. ஃபங்க் உலகை வென்றது. ஃபங்கை அடித்த கை வெறுங்கையாகவே நின்றது. நமக்கும் 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உண்டு. நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவிலிருந்து அறிவு எழுதிப் பாடிய அந்தப் பாடல் உலகம் சுற்றியது. அந்த வெற்றியை ஒட்டி ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டை வெளியிட்டபோது அதில் அறிவின் முகம் இல்லை. கேள்விகள் எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. நம் வியர்வையின் தாளத்தை உலகம் ரசிக்கத் தயார். வியர்த்த முகத்தை அட்டையில் போட மட்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

குத்துப்பாட்டுக்கு ஆடாத கல்யாணம் இன்று தமிழ்நாட்டில் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டி ஏந்தி வருபவர்களுக்கு முன்னே கொட்டுச் சத்தம் இல்லாமல் ஊர்வலம் நகராது. 'லோக்கல்', 'தர லோக்கல்' என்பதெல்லாம் சினிமாக் கதாநாயகன் சொன்னால் கெத்து. அதே சொல்லைக் கல்லூரி விடுதியில் ஒரு பையனைப் பார்த்துச் சொன்னால் அவன் முகம் சுருங்குகிறது. கதாநாயகனிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சொல்லை மீட்டெடுத்துவிட்டோமா என்பதைப் பாட்டின் பார்வை எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. அந்தப் பையனின் முகத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் பாட்டைப் பற்றியவை மட்டும் அல்ல. கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் கொட்டடிப்பது எந்தக் குடும்பத்தின் கட்டாயக் கடமையும் அல்ல என்பது ஒவ்வொரு ஊரிலும் வெளிப்படையாக ஏற்கப்பட வேண்டும். தீண்டாமையின் பெயரால் இழிதொழில் செய்யக் கட்டாயப்படுத்துவது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊர் வழக்கம் என்ற பெயரில் அதை மறைக்க முடியாது. விரும்பி அடிப்பவர்களுக்கு முன்கூட்டியே பேசிய கூலி, உட்கார நாற்காலி, எல்லாரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு வேண்டும். பதிவு செய்து விற்கப்படும் இசையில் அவர்கள் பெயரும் பங்கும் வேண்டும். 'காலனி' என்ற பலகையைக் கழற்றும் அரசு, அந்தத் தெருக்களுக்கு மனைப்பட்டாவும் மயானப் பாதையும் கொடுத்துவிட்டு அதன் பிறகு பெயர் சூட்டட்டும்.

இது அரசுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மட்டும் சொல்வது அல்ல. இந்தக் கோடையில் உங்கள் ஊரிலும் திருவிழா வரும். பறைச் சத்தம் கேட்டு நீங்களும் ஆடுவீர்கள், வீடியோ எடுப்பீர்கள். ஆடுங்கள், எடுங்கள். எடுத்து முடித்ததும் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொட்டடித்தவர்கள் எங்கே உட்கார்ந்து, எதில் டீ குடிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவர்கள் கையில் தனிக் குவளை இருந்தால், உங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே கேள்வி கேளுங்கள். அவர்கள் கோயில் வாசலுக்கு வெளியே நின்றால், விழாக் குழுவில் இருக்கும் உங்கள் சித்தப்பாவிடமும் மாமாவிடமும் காரணம் கேளுங்கள். வீட்டில் சண்டை வரும். வரட்டும்.